எங்கள் கடையில் ஏஐ: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச காலமாக வாட்ஸ்அப்பில் நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு முன்பைவிட விரைவாகப் பதில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். மலையாளத்திலோ கன்னடத்திலோ எழுதுகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பதில் போகிறது. "பதில் சொல்வது ஆளா, மெஷினா?" என்று சிலர் நேராகவே கேட்டுவிட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நீலகிரி மலையில் கோத்தகிரியில் தேயிலை, தேன், தைல எண்ணெய் விற்கும் எங்கள் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். கருவி பதிலுக்கு ஒரு வரைவு எழுதித் தரும். கவுன்டரில் இருக்கும் அக்காவோ தம்பியோ அதைப் படித்து, திருத்தி, அப்புறம்தான் அனுப்புவார்கள். யாரும் படிக்காமல் எங்கள் கடையிலிருந்து ஒரு செய்தியும் போகாது.

பயிற்சி என்றதும் கம்ப்யூட்டர் வகுப்பு என்று நினைப்பீர்கள். போனில் எதை அழுத்துவது, கேள்வியை எப்படிக் கேட்பது என்பதெல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பெரும்பாலான நேரம் போனது தேயிலையைப் பற்றிப் படிப்பதில்தான். இந்தக் கருவிகள் ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுபவை. உலகில் டார்ஜிலிங், அசாம் தேயிலையைப் பற்றி எழுதியிருக்கும் அளவுக்கு நம் நீலகிரியைப் பற்றி எழுதவில்லை. அதனால் "எந்தப் பருவத்து டீ நல்லது?" என்று கேட்டால், வசந்தத்தில் வரும் முதல் கொழுந்துதான் என்று அழகாக எழுதித் தந்துவிடலாம். டார்ஜிலிங்குக்கு அது சரி. அங்கே குளிர்காலத்தில் பறிப்பு நின்று, மார்ச் வாக்கில் மறுபடி தொடங்கும். இங்கே வருஷம் முழுக்கப் பறிப்பு உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் செடி மெதுவாக வளரும். அப்போது எடுக்கும் கொழுந்துதான் மணத்துக்குப் பேர்போனது. தோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தத் தவறு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பொருளைப் பற்றித் தெரியாதவர் அந்த நல்ல நடையை நம்பி அப்படியே அனுப்பிவிடுவார். ஆகவே ஆர்த்தடாக்ஸ் எனப்படும் சுருட்டிய இலையை வெந்நீரில் மூன்று நான்கு நிமிஷம் ஊறவைத்தும், சிடிசி எனப்படும் குருணைத் தூளைப் பாலோடு கொதிக்கவைத்தும் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தோம். ருசி தெரிந்தவர் எழுதும் பதில் வேறு மாதிரிதான் இருக்கிறது.

தேன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கிறோம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க மலைத்தேன் கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள், முதிராத அந்தக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். பெரியவர்களுக்கு அதே தேன் ஒன்றும் செய்யாது. வீட்டில் சூடுபடுத்தினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. இப்படிக் கேள்வி வந்தால் கருவியிடம் போகவே கூடாது, நேராகப் போன் எடுத்துப் பேச வேண்டும் என்பது கடையின் விதி. வயதில் மூத்தவர்கள் கேட்டால் "இல்லைம்மா, வேண்டாம்" என்று பொறுமையாக எடுத்துச் சொல்லவும் பழகியிருக்கிறோம். யூகலிப்டஸ் தைல எண்ணெயும் அப்படித்தான். அது மேலுக்குத் தடவ மட்டும். உள்ளுக்குச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு ஆள்தான் பதில் சொல்வார்.

விளம்பர வாசகம் எழுதச் சொன்னால், கிரீன் டீ சர்க்கரை நோயைப் போக்கும், தேன் இதயத்தைக் காக்கும் என்கிற மாதிரி வாக்கியங்கள் வந்து நிற்கும். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் இடம் தருவதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் உங்களிடம் அப்படிச் சொல்லி விற்க எங்களுக்கு மனம் வராது.

கருவி சொன்னதற்குக் கடை பொறுப்பா என்ற கேள்வி பயிற்சியில் வந்தது. கனடாவில் 2024-ல் தீர்ப்பான ஒரு வழக்கை எடுத்துச் சொன்னோம். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், இறப்பை ஒட்டிய பயணத்துக்கான கட்டணச் சலுகையைப் பயணம் செய்த பிறகு விண்ணப்பித்தும் பெறலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. பதிலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எங்கள் கடையிலும் அதே நிலைதான். எங்கள் எண்ணிலிருந்து வரும் ஒவ்வொரு வரிக்கும் நாங்களே பொறுப்பு.

உங்கள் பெயர், போன் நம்பர், முகவரி எதுவும் அந்தக் கருவிகளுக்குள் போகாது. கேள்வியை மட்டும் பிரித்தெடுத்துத்தான் போடுகிறோம். பார்சல் விவரம் கடையின் பில் புத்தகத்தில் இருக்கும். உங்கள் குரல் பதிவுகளையும் ஆள்தான் கேட்கிறார். நீலகிரியின் படுகர்கள் பேசும் படுகு மொழி கலந்து பேசினால் கருவி தாறுமாறாக எழுதுகிறது. எங்கள் கடையில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது அந்த மொழிதான், அதனால் தாராளமாகப் பேசுங்கள்.

வெளியூரிலிருந்து நீலகிரிக்கு வண்டியில் வர எடுக்கும் இ-பாஸ் அனுமதி பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2024 மே மாதம் வந்த நடைமுறை அது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. கருவியின் பதில் பழையதாக இருக்கலாம் என்பதால் அரசின் தளத்தைப் பார்த்தே சொல்கிறோம்.

இந்தக் கருவி வந்ததால் கடையில் யாருக்கும் வேலை போகவில்லை, போகவும் போகாது. மிச்சமாகும் நேரம் பேக்கிங்குக்கும் உங்களோடு பேசுவதற்கும் போகிறது.

பதில் எதிலாவது சந்தேகம் வந்தால் "ஆளோடு பேச வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள், கடை திறந்திருக்கும் நேரத்தில் நாங்களே அழைக்கிறோம். தவறான தகவலை நம்பி நீங்கள் பொருள் வாங்கியிருந்தால் பாக்கெட்டைப் பிரித்திருந்தாலும் திருப்பி எடுத்துக்கொள்வோம். அனுப்பும் கூரியர் செலவும் எங்களுடையது.

அன்புடன்,
கடையில் வேலை செய்யும் அனைவரும்,
கோத்தகிரி