கடவுக்கல்லில் உட்கார்ந்திருந்த அப்புச்சிக்கு

அன்புள்ள அப்புச்சிக்கு,

அம்மாவைப் பெற்ற உங்கள் கருமாதிக்கு மாமா அடித்த ஃபிளெக்ஸில் 'ஓயாத உழைப்பாளி' என்று போட்டிருந்தார்கள். உங்கள் முகத்தை வெளுப்பாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் வைத்திருந்தார்கள். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, ஊதியூர் மலையைப் பார்த்தபடி, ஆயுசு முழுக்க ஐப்பசி மழையை மட்டும் நம்பி இருந்த மனிதருக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி! நீங்கள் பார்த்திருந்தால், "இது எந்த வாய்க்காத் தண்ணி?" என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

அதை விடுங்கள். என்னை உறுத்தியது அந்த 'ஓயாத'. உழைப்பாளிதான், யார் இல்லையென்றது? ஆனால் நீங்கள் ஓய்ந்து உட்கார்ந்ததையும் நான் தினம் பார்த்திருக்கிறேன். கருமாதிக்கு வந்த ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

விடிவதற்குள் கட்டுத்தரையில் சாணி அள்ளி முடித்திருப்பீர்கள். பருத்திக்கொட்டை ஆட்டிவைப்பது, கறப்பது, பாலை சொசைட்டிக்குக் கொண்டுபோவது, அப்புறம் மாடுகளைக் கொறங்காட்டுக்கு ஓட்டுவது. பனியன் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் சென்னைப் பெண்ணுக்குக் கொறங்காடு என்றால் என்னவென்று விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காடு என்றதும் அவள் யானையைக் கேட்டாள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல், தண்ணீர் பாய்ச்சுவதே கிடையாது, மாடும் ஆடும் மேய மட்டும் என்றேன். "அப்ப சும்மா கிடக்கிற நிலமா?" என்றாள். சும்மா கிடக்கவைப்பதற்கு நீங்கள் பட்ட பாடு அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏழு ஏக்கரை வேலிபோட்டு இரண்டாகப் பிரித்து வைத்திருந்தீர்கள். ஒரு பக்கம் மேய்ந்தால் மறுபக்கம் படல் சாத்தியிருக்கும். புல்லை மொட்டையாகக் கடிக்கும்வரை மாட்டை விடமாட்டீர்கள். "வேரு நமக்கு, நுனி அதுக்கு" என்பீர்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை உழுது கொள்ளோ சோளமோ விதைப்பீர்கள், மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவீர்கள். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து, அதாவது நடுகிற கிளை, வெட்டி, வேலியில் சந்து விழுந்த இடமெல்லாம் நட்டு, அது பிடிக்கும்வரை அடியில் முள் கட்டிவைப்பது பெரிய வேலை. கையெல்லாம் கீறல். அதற்கு உங்கள் வீட்டுக்காரி, என் அம்மிச்சி, மஞ்சள் வைத்துவிடும்போது மட்டும் முகத்தைச் சுளிப்பீர்கள்.

உங்கள் பிடிவாதத்தையும் சொல்லியாக வேண்டும். மாமா ஒரு சிந்து மாடு வாங்கிவந்தார். நேரத்துக்கு ஏழெட்டு லிட்டர் கறந்தது. நம் சாம்பல் நிற மயிலைப் பசு நாளைக்கு இரண்டு லிட்டர் கொடுத்தால் அதிகம். சொசைட்டிப் பணத்தில் குடும்பம் நடக்கவேண்டிய காலத்தில் மாமா கேட்டது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். நீங்கள் சிந்துவையும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள், ஆனால் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நம் மாடுகள் காங்கயம் மாட்டுக்குப் பேர்போன பழையகோட்டைப் பட்டக்காரர் பட்டியின் பூச்சிக்காளை (பொலிகாளை) வழி என்பதை மட்டும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபோது, எங்கள் கம்பெனியில் காங்கயம் காளை படம் போட்ட டீசர்ட் ராவும் பகலுமாக அச்சாகியது. நான் கணக்குப் பிரிவில் இருந்தாலும் ஒன்றை வாங்கிவந்து பெருமையாக உங்களிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "திமிலு சரி. கொம்பு நம்ம மாட்டுக் கொம்பு இல்ல அம்முணி" என்றீர்கள். அப்புறம் டி.வி.யைப் பார்த்தபடி, "இதுல எத்தன பேரு சாணி அள்ளுவாங்க?" என்று கேட்டீர்கள். கட்டுத்தரை கூட்டும்போது மட்டும் அதைப் போட்டுக்கொண்டீர்கள். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

குடும்பத்துக் கணக்கு எல்லாமே உங்களுக்கு மாட்டுக் கணக்குதான். அம்மா கல்யாணம் ஒரு செவலை ஜோடி. கிணற்றை ஆழப்படுத்தியதில் போனது ஒரு மயிலை ஜோடி. அதில் தண்ணீரும் வரவில்லை. என் பி.காம். படிப்பு ஒரு கறுப்புக் காரிக் காளை. சித்திரையில் ஓலப்பாளையம் பக்கத்துக் கண்ணபுரம் சந்தைக்கு அதை ஓட்டிப்போனபோது நானும் வந்தேன். தரகர் துண்டைப் போட்டு மூடி உங்கள் விரலைப் பிடித்தார். உள்ளே விரலாலேயே என்ன விலை பேசிக்கொண்டீர்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது வெறும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தீர்கள். "மாட்ட விக்கலாம், கயித்த விக்கக் கூடாது" என்றீர்கள். எல்லாரும் சொல்கிற பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்பா இறந்து அம்மாவும் நானும் உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. ஊரில் ஆளாளுக்கு ஏதேதோ பேசினார்கள். "கட்டுத்தரையில எடம் இருக்குது. ஊட்டுல இல்லாமப் போயிருமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டீர்களாம். அந்த வருடம் ஒரு சிவப்புக் கன்றுக்குட்டியை எனக்கென்று கொடுத்தீர்கள். ஆறேழு மாதத்தில் அதன் நிறம் சாம்பலாக மாறியதும், என் கன்றை விற்றுவிட்டு வேறு கன்றைக் கட்டிவிட்டீர்கள் என்று அழுது ஊரைக் கூட்டினேன். நம் மாட்டுக் கன்று சிவப்பாகப் பிறந்து பிறகுதான் நிறம் மாறும் என்று சொன்னால் நான் நம்பவில்லை. அதன் காதில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்க்கவைத்துத்தான் சமாதானம் செய்தீர்கள்.

சரி, உட்கார்ந்த கதைக்கு வருகிறேன்.

பொழுது இறங்கி மாடுகள் உள்ளே வந்ததும், வேலியின் நுழைவழியான கடவில் படலைச் சாத்திவிட்டு, அங்கே இருக்கும் கல்லில் உட்காருவீர்கள். வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது, ரேடியோ கிடையாது. திருப்பூரிலிருந்து நான் வரும் பஸ் மெயின் ரோட்டில் எட்டு மணிக்கு மேல்தான் நிற்கும். ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "அந்தக் கன்னுக்குட்டி இன்னும் வல்ல" என்பீர்கள். கன்று உங்கள் காலடியிலேயே படுத்திருக்கும். திருப்பூரில் மழை பெய்ததா, சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று இரண்டே கேள்வி கேட்பீர்கள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பீர்கள். மாமாவுக்கு நைட் ஷிப்ட் இருந்த நாட்களில் சாப்பிட்டுவிட்டு மறுபடி போய் உட்காருவீர்கள் என்று அம்மிச்சி இப்போதுதான் சொன்னாள்.

அதைப் போய் 'ஓயாத' என்று எழுதிவிட்டார்களே என்று மாமாவிடம் சொன்னேன். பேசாமல் இருந்தார். மறுநாள் பார்த்தால் கல்லைச் சுற்றிப் புல் செதுக்கியிருந்தது.

இன்னொன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். போன வாரம் வெள்ளக்கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் அவருக்கு ஒரு கிடாரியை வாரத்துக்கு, அதாவது வளர்த்துப் பங்கு தரும் பேச்சில், விட்டிருக்கிறீர்கள். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் மாமாவுக்கே தெரிந்திருக்காது. அது இப்போது கன்று போட்டிருக்கிறதாம், உங்கள் பங்கைத் தையில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். மயிலை வழி என்று அவர் சொல்ல, உள்ளேயிருந்து அம்மிச்சி, "இல்லீங்க, அது காரி வழி" என்றாள். காபி ஆறும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கன்றின் நெற்றியைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்கிறாள் அம்மிச்சி.

கடவுப் படலில் முள் உதிர்ந்து கிடக்கிறது. தைக்குள் கட்டச்சொல்லி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
அம்முணி