பியானோவில் எந்தப் பாட்டு? ஆண்டு விழாவுக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழா நெருங்குகிறது. பியானோ கற்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து இசை ஆசிரியைக்கு வந்த கோரிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே பெயர்தான்: பேத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்'. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த இசையில் பிள்ளைகளைச் சிக்கவைக்கும் ஒரு பொறி இருக்கிறது. எல்லோர் காதிலும் ஒலிக்கும் அந்தத் தொடக்கம், ஓரளவு பயின்ற பிள்ளைக்குக் கைவந்துவிடும். அதைத் தாண்டியதும் வலது கைக்கு வேக ஓட்டம். அப்புறம் இடது கை ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்க, மேலே கனத்த கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது. பிறகு அரைச்சுரம் அரைச்சுரமாக விறுவிறுவென்று கீழே இறங்க வேண்டும். போன ஆண்டு நம் மாணவி ஒருத்தி மூன்று மாதம் அதிலேயே சிக்கிக் கிடந்தாள். கடைசியில் பியானோ பக்கமே வரமாட்டேன் என்றாள். அந்த இசையை எடுக்கச் சரி சொன்னது நான்தான், தவறும் என்னுடையதுதான்.

சரளி வரிசை முடிக்காத பிள்ளையிடம் யாரும் வர்ணம் கேட்பதில்லை. பியானோ என்றால் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை போய்விடுகிறது.

முதலில் கையைப் பாருங்கள். பியானோவில் ஒரு 'ஸ'விலிருந்து மேல் 'ஸ' வரை ஏறத்தாழ 16.5 செ.மீ. ஏழு வயதுக் கை அவ்வளவு நீளாது. வலிந்து நீட்டினால் மணிக்கட்டு இறுகிவிடும். ஐந்து விரலும் ஐந்து கட்டைகளின் மேல் நகராமல் இருக்கும் பாடங்களே தொடக்கத்துக்குச் சரி. ஹங்கேரியின் பேலா பார்டோக் 'மிக்ரோகாஸ்மாஸ்' என்று 153 சிறு பாடங்களை ஆறு தொகுதிகளாக எழுதினார். முதல் இரண்டு தொகுதிகள் அவருடைய மகன் பேத்தருக்காக. ஆரம்பப் பாடங்களில் இரண்டு கைகளும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். வீட்டில் கேட்பவர்களுக்கு "இதென்ன பாட்டு?" என்று தோன்றும். தோன்றட்டும்.

அடுத்த படிக்கு எனக்குப் பிடித்தது ஜி மேஜர் மினுவெட் என்ற சிறு நடன இசை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பதால் அவர் இசை என்றே வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில் அது கிறிஸ்டியன் பெட்சோல்ட் எழுதியது. 32 பார்கள், அதாவது தாளச் சுற்றுகள்தான். கைக்கு ஒரு மெட்டிழையாக இரண்டே இழைகள். ஆனாலும் மேடையில் கேட்க நிறைவாக இருக்கும். இடது கை சோம்பலாக இருக்கிறதா? இசையமைப்பாளர் ஷூமன் 1848இல் சிறுவர்களுக்காக எழுதிய தொகுப்பில் 'மகிழ்ச்சியான உழவன்' இருக்கிறது. அதில் மெட்டைச் சுமப்பதே இடது கைதான்.

சினிமாப் பாட்டு கூடாது என்று நாங்கள் சொல்லவே இல்லை. வலது கையில் மெட்டு, இடது கையில் இரண்டு மூன்று கார்டு, தேவையானால் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இணையத்தில் 'ஈஸி' என்று போட்டிருப்பதை நம்பி அச்செடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் ஆசிரியையிடம் காட்டுங்கள்.

பியானோ கிரேடு தேர்வுக்குத் (படிநிலைத் தேர்வு) தயாராகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஆண்டு முழுவதும் தேர்வுப் பாடங்களை மட்டுமே வாசிக்க வைக்க வேண்டாம். அவை மனப்பாடமாகிவிடும்; புதிய இசைத்தாளைக் கண்டால் பிள்ளை விழிக்கும். இடையிடையே இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற குட்டிப் பாடங்களும் வேண்டும்.

விழாவுக்கு இப்படிச் செய்யப் போகிறோம்: ஆசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் கைக்கு ஏற்ற மூன்று பாடங்களை வாசித்துக் காட்டுவார். அதில் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். அந்தப் பாடத்தின் பெயர் டைரியில் எழுதி வரும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்