அஷ்டமியில் நின்ற தண்ணீர்

உ
சிவமயம்

பூடோ, நார்வே
பங்குனி 22

அன்புள்ள அப்பத்தாவுக்குப் பேரன் வணங்கி எழுதுவது. நான் இங்கு நலம். தாங்களும் அப்பச்சியும் ஆத்தாவும் அக்காள் ஆச்சியும் நலமாக இருக்கக் குன்றக்குடியானை வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள், அப்பச்சி?" என்று என்னைச் செல்லமாக அழைத்துக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் காது சரியாகக் கேட்கவில்லை என்று ஆச்சியிடம் கொடுத்துவிட்டீர்கள். ஐயா பினாங்கிலிருந்து எழுதியதுபோல் காகிதத்தில் எழுதச் சொன்னதாக ஆச்சி சொன்னாள். எழுதுகிறேன். கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகையால் இந்தத் திங்கட்கிழமை நாங்கள் நான்கு பேர் மீன் பிடிக்கப் போன கதையை எழுதுகிறேன். ஆச்சி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

முதலில் ஒன்று. பங்குனி உத்திரத்தன்று நான் கவிச்சி தொடவில்லை. மீனுக்குப் போனது அது கழிந்த பிறகுதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, உடம்பு தேற வேண்டும் என்று மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போன்ற மாத்திரை ஒன்று தினமும் கொடுப்பீர்களே, மீன் எண்ணெய் மாத்திரை, நினைவிருக்கிறதா? அந்த எண்ணெய் காட் என்ற மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. இந்த ஊர்க்காரர்கள் அதை டொர்ஸ்க் என்பார்கள். குளிர்காலத்தில் வெயில் இல்லாத குறைக்கு இன்றைக்கும் இங்கே குழந்தைகளுக்கு அந்த எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். முதுகில் பாசி நிறத்துப் புள்ளிகள், விலாவில் தலை முதல் வால் வரை ஒரு வெள்ளைக் கோடு, முதுகில் மூன்று துடுப்பு, தாடைக்கு அடியில் ஒற்றை மீசை. நம் கெளுத்திக்கு மீசைகள் பல. இதற்கு ஒன்றே ஒன்று. தை மாதத்திலிருந்து பங்குனி வரை இந்த மீன் வடக்கே பேரன்ட்ஸ் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி, லொஃபோட்டன் தீவுகளை ஒட்டி முட்டையிட வரும். கரையை விட்டுப் போகாமல் வருஷம் முழுவதும் இங்கேயே கிடக்கும் இனமும் உண்டு.

நாங்கள் போன இடத்தின் பெயர் சால்ட்ஸ்ட்ரௌமன். எங்கள் ஊரிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடல் மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்து நிற்பதை இங்கே ஃபியோர்டு என்கிறார்கள். அப்படி இரண்டு ஃபியோர்டுகளை ஒரு குறுகிய வாய் சேர்க்கிறது. வாயின் அகலம் 150 மீட்டர், நீளம் 3 கிலோமீட்டர். நம் கண்மாய் நிறைந்து கலிங்கு பாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கலிங்கு திசை மாறுகிறது. கடல் ஏறும்போது உள்ளே பாய்கிறது. வற்றும்போது வெளியே பாய்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 40 கோடி கன மீட்டர் தண்ணீர் அந்த வாய் வழியாகப் போகிறது. உலகத்திலேயே மிக வேகமான கடல் நீரோட்டங்களில் இது ஒன்று. முதல் தடவை கரையில் நின்று பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு வண்டியே இறங்கிப் போகும் அளவுக்கு நடுவில் பள்ளம் விழுந்து சுழல் சுழலாகத் திரிகிறது. தண்ணீர் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த ஓட்டம் கொண்டுவரும் சின்ன மீன்களைத் தின்னப் பெரிய மீன்கள் அங்கே காத்துக் கிடக்கின்றன.

ஓடுகிற நேரத்தில் தூண்டில் போட்டால் ஈயம் தரையைத் தொடுவதற்குள் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். நீர் ஏறி முடித்து, இறங்கத் தொடங்குவதற்கு முன் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அந்த நேரம்தான் நமக்கு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடலுக்கு வேகம் அதிகம். நிற்கிற நேரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அஷ்டமி நவமியில்தான் ஓட்டம் தணிந்து, நிற்கிற நேரம் நீளும். அஷ்டமியில் ஒரு காரியமும் தொடங்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தீர்கள். ஊர்ப் பயணத்துக்கும் கணக்கு எழுதுவதற்கும் இன்னமும் அப்படித்தான் பார்க்கிறேன். இந்தக் கடலுக்கு மட்டும் அஷ்டமியே நல்ல நாள், அப்பத்தா. ஈஸ்டர் விடுமுறைத் திங்கட்கிழமை தேய்பிறை அஷ்டமியாக வாய்த்தது.

நான்கு பேர் என்றேன். ஒருவர் யாழ்ப்பாணத்து அண்ணன். 1987-ல் இருபது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பனியும் இருட்டும் மீன் நாற்றமுமாக நாள் முழுவதும் நின்றபடி சதை அறுக்கிற வேலை. அந்த ஊதியத்தில்தான் மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார். இப்போது பூடோவில் இருக்கிறார். அவர் கையில் கத்தி இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இன்னொருவர் என் பக்கத்து வீட்டு நார்வேப் பெரியவர், எழுபதைக் கடந்தவர். மூன்றாவது ஆள் என்னோடு வேலை செய்கிற போலந்துக்காரன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பாறையெல்லாம் உறைபனி. செருப்புக்கு அடியில் ஆணி வைத்த பட்டை மாட்டிக்கொண்டோம். மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டோம். அது இல்லாமல் பெரியவர் யாரையும் தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார். தூண்டில் கோல் மூன்று மீட்டர் நீளம். பின்னல் நூல், அதன் முனையில் தடித்த தங்கூசி நரம்பு, அதில் மீன் வடிவத்தில் வார்த்த ஈயம். மண்புழுவோ கோதுமை மாவோ கிடையாது. ஈயத்தை அடிவரை இறக்கி, இரண்டு முழம் தூக்கி, மறுபடி விழவிட வேண்டும். அடிபட்ட சின்ன மீன் துடிப்பதாக நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும்.

எட்டு மணி வாக்கில் இரைச்சல் குறைந்தது. சுழல்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. தண்ணீர் நம் ஊருணிபோல நின்றது. கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் அழிகண்மாயில் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவதற்கு முன் கரை முழுவதும் ஊத்தாக் கூடையும் கையுமாக மூச்சைப் பிடித்து நிற்குமே, அந்த அமைதியை நான் அந்தப் பாறையில் கண்டேன். அம்மான் என்னைத் தோளில் தூக்கிப்போய்ச் சேற்றில் இறக்கிவிட்ட வருஷம் எனக்கு எட்டு வயது. விராலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, வளவுக்குள் சேற்றோடு நுழைந்தேன் என்று திட்டிவிட்டு, அதே கையால் குழம்பு வைத்துக் கொடுத்தீர்கள்.

முதலில் எனக்குத்தான் அடித்தது. கோல் வளைந்தது, கனம் தெரிந்தது, சில நொடிகளில் வெறும் நூல் மேலே வந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. விரல் மரத்த நிலையில் அவசரமாகப் போட்ட முடிச்சு. வாயில் கொக்கியோடு அந்த மீன் போய்விட்டதே என்று எனக்கு மனம் ஆறவே இல்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் நூலை வாங்கி, தங்கூசியை எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். உலர்ந்த தங்கூசியை இறுக்கினால் உராய்ந்து சூடாகி வலு போய்விடுமாம். அந்த முடிச்சை அன்றைக்கே நான் ஐந்தாறு தடவை போட்டுப் பழகினேன்.

போலந்துக்காரனுக்கு ஒன்று கிடைத்தது, சின்னது. பெரியவர் தம் கோலில் 44 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். இந்த வடபகுதியில் அதற்குக் குறைந்த காட் மீனைக் கரைக்குக் கொண்டுபோகச் சட்டம் இடம் தராது. வைத்துப் பார்த்தார், இரண்டு விரல் குறைந்தது. ஈரக் கையால் பிடித்துத் தண்ணீரிலேயே விட்டார். யாரும் பார்க்காத பாறை அது. சட்டத்துக்குப் பயந்து செய்த செயலாக எனக்குத் தோன்றவில்லை. நாற்று பிடுங்குகிற கை முதிராத நாற்றை விட்டுவிடுமே, அந்தப் பழக்கம்.

நீர் திரும்பச் சிறிது நேரமே இருந்தது. ஈயம் அடியைத் தொட்டு மேலே வரும்போது ஏதோ பாறையில் மாட்டியதுபோல் நின்றது. பிறகு பாறை தலையை ஆட்டியது. அப்பத்தா, அந்தத் தலையாட்டல் தோள்பட்டை வரை வந்தது. நான் பதறி இழுக்கப் பார்த்தேன். "பொறும் தம்பி, அது ஆட்டட்டும்" என்றார் அண்ணன். அது கீழே போனால் விட்டேன், களைத்தால் சுற்றினேன். ஓட்டம் மறுபடி தொடங்கி நூலைப் பக்கவாட்டில் தள்ளியது. பத்து நிமிஷம் இருக்கும், எனக்கு ஒரு நாழிகைக்கு மேல் போலிருந்தது. அகன்ற வாயும் வெள்ளை வயிறுமாக மேலே வந்தபோது பெரியவர் மண்டியிட்டு வலையை அதன் கீழே கொடுத்தார். போலந்துக்காரன் அவருடைய இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். என் முதுகை அண்ணன் பிடித்திருந்தார். ஒரு மீனை நான்கு பேரும் சேர்ந்தே கரையேற்றினோம்.

இரண்டே கால் முழம், 12 கிலோ 400 கிராம்.

மீனைத் துடிக்க விடாமல் தலையில் ஒரே அடி. உடனே தொண்டையை அறுத்துக் கடல் நீர் வாளியில் தலைகீழாக வைத்து இரத்தத்தை வடியவிட்டார்கள். இரத்தம் வடிந்தால்தான் சதை வெள்ளையாக நிற்கும். ஈரல் என் இரண்டு கை நிறைய இருந்தது. தலையைப் பிளந்து பெரியவர் வெள்ளையாக ஒரு சிறு கல்லை எடுத்தார். அது மீனின் காதுக் கல். உடைத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல் வளையங்கள். வருஷத்துக்கு ஒன்று. எண்ணினோம், பதினொன்று. நான் கல்லூரியில் சேருமுன்னே பிறந்த மீன்! இன்னொரு கல்லை ஆச்சி மகனுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார்.

நாக்கை அறுத்தபோது பெரியவர் தம் சின்ன வயதைச் சொன்னார். இந்தக் கடற்கரையில் காட் மீனின் நாக்கை அறுத்து விற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உரிமை. முதல் சைக்கிளை அவர் அப்படித்தான் வாங்கினாராம். லொஃபோட்டனில் மீனை வாலோடு வால் சேர்த்துக் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பே போடாத கருவாடு, அப்பத்தா! குளிர்காற்றே உலர்த்துகிறது. தலைகள்கூட உலர்ந்து கப்பலேறி நைஜீரியா வரை போகின்றன. பழைய காலத்தில் இந்தக் கருவாடு தெற்கே பெர்கன் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும். அங்கே ஜெர்மானிய வணிகர்கள் மரவீடுகளில் கடை வைத்திருந்தார்கள். அதைப் போன வருஷம் போய்ப் பார்த்தேன். பல கடைக்காரர்களுக்குப் பொதுவாக நீண்ட வீடு. மேலே பையன்கள் படுக்கப் பெட்டிபோல் அடைப்புகள். கல்யாணம் கட்டக் கூடாது, ஊர்ப் பெண்களோடு பழகக் கூடாது. முதலாளி, அவருக்கு அடுத்த ஆள், எடுபிடிப் பையன் என்று வரிசை. ஐயா பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்ந்த பினாங்குக் கிட்டங்கி, அந்தக் கடைவீடு, அப்படியே கண்முன் நின்றது. மூன்று வருஷக் கணக்கு முடியும் வரை ஊர் திரும்ப முடியாமல் ஐயா என்ன தின்றார்கள், யாரோடு பேசினார்கள் என்று அங்கே நின்றபோதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கடிதங்களில் அதை ஐயா எழுதியிருந்தால் ஆச்சியை எனக்குப் படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரவு அண்ணன் வீட்டில் சமையல். பெரியவர் தங்கள் முறையில் மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஈரலையும் சினையையும் தனித்தனியே அவித்து, உருளைக்கிழங்கோடு வைத்தார். அண்ணி தலையில் தேங்காய்ப்பால் சொதி வைத்தார்கள். நடுத்துண்டுகளை நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் கொடுத்தனுப்பிய மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் கடைசிப் பிடிக்கு வந்திருந்தன. சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, குழம்பு சுண்டி எண்ணெய் மேலே மிதந்த பிறகே மீனைப் போட்டேன். இந்த மீனின் சதை ஏடு ஏடாகப் பிரியும். கரண்டி பட்டால் உதிர்ந்துவிடும். சட்டியின் காதைப் பிடித்துச் சுற்றிவிட்டேன், நீங்கள் அயிரைக்குச் செய்வதுபோல. பெரியவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அண்ணி மிச்சக் குழம்பை டப்பாவில் அடைத்து, மறுநாள் வேலைக்குச் சோறும் கட்டிக் கொடுத்தார்கள். பெரியவர் என் வீட்டு வாசல் பனியை நான் எழுவதற்கு முன்பே வாரி ஒதுக்கியிருந்தார். போலந்துக்காரன் நான்கு பேரும் மீனோடு நிற்கும் படத்தை அனுப்பினான். அதைக் காகிதத்தில் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் வெள்ளைத் தாடியோடு இருப்பவர் பெரியவர், என் தோளில் கை போட்டிருப்பவர் அண்ணன்.

மிளகாய்ப் பொடி தீர்ந்துவிட்டது. கல்பாசியும் மராட்டி மொக்கும் கொஞ்சம் வேண்டும். சித்திரையில் அண்ணனுக்குத் தெரிந்தவர் சென்னை வருகிறார். அவரிடம் கருவாட்டுத் துண்டும் ஈரல் எண்ணெயும் கொடுத்தனுப்புகிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கண்மாயில் இப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? மடைக்கல் தெரிகிறதா? இந்த வருஷம் அழிகண்மாய் எப்போது என்று அம்மானைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நாள் தெரிந்தால் பெரியவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். ஊத்தாவைப் படத்தில் பார்த்ததிலிருந்து அவர் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புப் பேரன்