மைல்ஸ் படம் எப்போது வரும், தம்பி?

திருச்சி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையைத்தான் ஒவ்வொரு வேளையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கொல்லைச் சுவர் இந்த மழையிலும் சாயவில்லை. அதற்கென்று பணம் எதுவும் அனுப்பாதே.

ஒன்று கேட்க வேண்டும். மைல்ஸ் படத்தின் தேதி, அதுதான் அந்த ஸ்பைடர்-மேன் பையனின் ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ பொம்மைப் படத்தின் மூன்றாம் பாகத் தேதி, மறுபடியும் மாறிவிட்டதாமே? உன் அக்கா மகன்தான் வந்து சொன்னான். நீ சொல்லவில்லை. எனக்கு அதுதான் விளங்கவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு துரும்பு அசைந்தாலும் முதலில் என் போனுக்குத்தான் வரும். அடுத்த பாகம் 2024 மார்ச் 29 என்று முதலில் சொன்னார்கள். 2023 ஜூன் கடைசியில், ‘அம்மா, ஒன்பது மாதம்தான்’ என்று எழுதினாய். ஹாலிவுட்டில் நடிகர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதும், 2023 ஜூலையில் அந்தத் தேதியை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அன்று நடு இரவில் உன்னிடமிருந்து அழுகிற பொம்மை முகம் மட்டும் வரிசையாக வந்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப் போனேன். பிறகு தேதியே இல்லாமல் நீண்ட காலம் போயிற்று. 2025 மார்ச் கடைசியில் லாஸ் வேகாஸில் தியேட்டர்காரர்கள் கூடிய இடத்தில் 2027 ஜூன் 4 என்று அறிவித்தார்கள். அதையும் நீதான் சொன்னாய். பிறகு அந்தத் தேதியும் அதே ஜூனுக்குள் தள்ளிப்போயிருக்கிறது. இதை மட்டும் நீ சொல்லவில்லை. சின்னச் செய்திதான், சில நாள் கணக்குத்தான். ஆனாலும் நீ இதையெல்லாம் சின்னச் செய்தியாக நினைக்கிறவன் இல்லையே.

வேலை அதிகமாக இருக்கும். அப்படித்தான் அப்பாவிடமும் சொன்னேன்.

நாம் சேர்ந்து போய் அந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தது நினைவிருக்கிறதா? உன் விடுமுறையின் கடைசி வாரம். இந்தியாவில் ஆங்கிலத்தையும் சேர்த்து 10 மொழிகளில் வெளியிட்டிருந்தார்கள். எனக்காகத் தமிழ்ப் பிரதி ஓடுகிற தியேட்டராகத் தேடினாய். இரண்டு மணி இருபது நிமிடப் படம். அந்தப் பையன் வழிதவறி வேறோர் உலகத்துக்குப் போய், கட்டிப்போடப்பட்டு நிற்கிறான். எதிரே அவன் முகத்தோடேயே இன்னொருவன். சரி, இனிமேல் சண்டை வரும் என்று நான் முந்தானையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால், ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள். முன் வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கத்தினான். நீ காலி பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். தியேட்டரைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் எழுந்தாய்.

பஸ்ஸில் வரும்போது எனக்குப் பாடமே நடத்தினாய். மைல்ஸ் மாதிரியே இன்னொரு ஸ்பைடர் வீராங்கனையான க்வென் என்கிற பெண்ணின் உலகம் நீர்வண்ண ஓவியம் மாதிரி இருக்கும், அவள் மனம் மாறினால் பின்னால் இருக்கிற நிறமும் கரைந்து மாறும் என்றாய். இந்திய ஸ்பைடர்-மேனான பவித்ரின் மும்பாட்டன் நகரத்தைப் பழைய இந்திரஜால் காமிக்ஸ் சாயலில் வரைந்திருக்கிறார்கள் என்றாய். ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு கை, ஒரு நடை. நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நீ காட்டித்தான் பார்த்தேன். அன்றைக்குப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணால்தான் இப்போது டிவியில் எந்தப் பொம்மைப் படம் ஓடினாலும் பார்க்கிறேன். உன் பெயர் வந்த படத்தை அப்பா கடைசியில் நிறுத்தி, எழுத்து ஓட ஓட விரலால் தேடி, அதைப் போட்டோ எடுத்து, பால் ஊற்றுகிறவரிடம்கூடக் காட்டினார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொல்ல மாட்டார்.

உன் அக்கா மகனுக்கு அந்தப் படம் மனப்பாடம். முதல் பாகம் 2018இல் வந்தபோது அவனுக்கு விவரம் தெரியாத வயது; அது ஆஸ்கர் வாங்கிய கதையையெல்லாம் நீ சொல்லித்தான் கேட்டிருக்கிறான். இரண்டாம் பாகம் வந்த ஜூனில்தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். மூன்றாவது வரும்போது பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பான். அப்போது பப்ளிக் தேர்வு என்று சொல்லி, படத்துக்கு விடுவாளா உன் அக்கா? இப்போதே அந்தக் கவலை அவனுக்கு வந்துவிட்டது. தினமும் வந்து ஏதாவது சொல்கிறான். வேறு வேறு தியேட்டர்களில் ஓடிய பிரதிகளில் சில வசனங்களும் காட்சிகளும் வேறாக இருந்ததை ரசிகர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்களாம். என்ன பொறுமை பார்! காத்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன? கிடைத்ததையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள். ‘மாமாவிடம் கேளுங்கள் ஆச்சி, மைல்ஸின் அப்பா செத்துப்போவாரா மாட்டாரா?’ என்று நச்சரிக்கிறான். மாமா போனை எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தூங்கியிருப்பார் என்று சொன்னேன்.

அவனுக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். நான் நினைப்பது சரியா என்று நீ சொல். ஸ்பைடர்-மேனாக இருக்கிற ஒவ்வொருவருக்கும் நெருக்கமான ஒரு போலீஸ் கேப்டன் செத்தாக வேண்டும், அதுதான் விதி என்று ஸ்பைடர்-மேன்களுக்கெல்லாம் தலைவனாக இருக்கிற அந்த மிகேல் அடித்துச் சொல்கிறான். மைல்ஸின் அப்பா கேப்டனாகப் போகிறவர். அதனால் அவர் கதை முடிந்தது என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் க்வென்னின் அப்பா என்ன செய்தார்? அவரும் கேப்டன்தான். மகள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, வேலையை விட்டுவிட்டேன் என்றாரே! கேப்டனே இல்லை என்றால் விதி யாரைப் பிடிக்கும்? அவ்வளவுதான் விஷயம். ஒரு வேலை போனதால் அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், மகளும் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அதில் அவருக்கு ஓர் அவமானமும் இல்லை. அந்தக் காட்சியில் நீ மூக்கை உறிஞ்சியதை நான் கவனித்தேன்.

வேலை என்பது சட்டை மாதிரி, தம்பி. கிழிந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். இதைப் படத்துக்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் படத்துக்கு வரைந்தவர்கள் வாரத்தில் ஏழு நாளும், நாளுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததாகவும், சுமார் 100 பேர் பாதியிலேயே விலகிப் போனதாகவும் 2023இல் செய்தி வந்ததே! அதை அனுப்பியதும் நீதான். தேதி தள்ளிப்போனால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். உன் அக்கா மகனும் கொதிக்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தள்ளிப்போகட்டும். வரைகிற பிள்ளைகள் இரவில் தூங்கட்டும், வேளைக்குச் சாப்பிடட்டும். படம் எங்கே ஓடிப்போகிறது? அந்த ஸ்டூடியோவும் உன் ஊர் வான்கூவரில்தான் இருக்கிறது என்று சொன்னாய். நீ அங்கே வேலை பார்க்கவில்லை. ஆனாலும் தொழில் ஒன்றுதானே. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு உங்கள் தொழிலில் பல இடங்களில் ஆட்களைக் குறைத்ததாகப் பேப்பரில் படித்தேன். உன் கம்பெனியில் எல்லாம் சரியாக இருக்கும்.

போன மாதம் அடைமழையில் கரண்ட் இல்லாமல் தூக்கம் வரவில்லை. இரவு பதினொன்றரைக்கு உன்னைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமை. உனக்கு அது பகல் பதினொரு மணி. ஒரே மணியில் எடுத்துவிட்டாய். பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஆபீஸில் எங்கே குக்கர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நீயே, வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டாய். சரி என்று விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து வேலையாகத்தான் இருக்கும். என்ன சமைத்தாய் என்று கேட்டதற்குச் சாம்பார் என்றாய். பருப்பு நன்றாக வேகட்டும், அவசரப்பட்டு இறக்காதே.

முதல் தேதியானால் பணம் வந்துவிடுகிறது. இந்த மாதமும் வந்தது. எங்களுக்கு என் பென்ஷனும் அப்பா பென்ஷனும் போதும். அனுப்பாதே என்றால் கேட்க மாட்டாய். உன் அக்கா கிரகப்பிரவேசத்துக்கு லீவு இல்லை என்று வராமல் இருந்துவிட்டு, மொய்யை மட்டும் அத்தனை பெரிதாக அனுப்பினாய். அவள் மொய்யைக் கேட்டாளா? பந்தியில் இலை போட ஆள் இல்லை என்று அப்பாவே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

உன் பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும். ஊர் என்ன பேசியது, அவர் எத்தனை நாள் மாடியை விட்டு இறங்காமல் இருந்தார் என்பதெல்லாம் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு விருப்பம் இல்லை. அப்போது உன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல், காலையும் மாலையும் காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார் என்பது மட்டும் உனக்குத் தெரியாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய்.

மைல்ஸ் கதைக்கு வருகிறேன். எல்லோரும் அவன் எப்படித் தப்பிப்பான் என்றுதான் காத்திருக்கிறார்கள். நான் அவனைப் பெற்றவளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளும் நர்ஸ், அதைச் சொல்லித்தானே என்னை இழுத்துக்கொண்டு போனாய். மகன் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். திட்டுகிறாள், வெளியே போகக் கூடாது என்கிறாள், பிறகு அவளே மனம் இளகிப் போகச் சொல்கிறாள். எங்கே போனாலும் உனக்குள் இருக்கிற சின்னப் பையனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், பெரிய இடங்களில் யாரும் அவனை இங்கே உனக்கு இடமில்லை என்று நினைக்க வைத்துவிட விடாதே என்கிற மாதிரி அவள் பேசுவாளே, அந்த இடத்தில் நான் உன் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் அந்தப் பையன் தைரியம் வந்து அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறான். ஆனால் சொன்ன இடம் வேறு உலகம், கேட்டவள் வேறு ஒருத்தி. அவனுடைய சொந்த அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. 2023 ஜூனிலிருந்து அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் 2027 ஜூன் வரை உட்கார வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு அது சௌகரியம்.

படம் வரும்போது இங்கேயே வந்து பார். தமிழில் வரும், அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு முன்னால் வந்தாலும் சரி. தை மாதத்திலேயே வந்தாலும் ஏன் வந்தாய், எத்தனை நாள் லீவு, எப்போது திரும்புகிறாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். அப்பாவிடம் பேசிவிட்டேன். அக்கா வாயைக் கட்டுவதுதான் கஷ்டம், அதையும் பார்த்துக்கொள்கிறேன். உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பணம் அனுப்பாதே.

இரவில் வெகுநேரம் விழிக்காதே. தலைக்கு எண்ணெய் வை.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: எதிர்வீட்டுப் பெண் புதன்கிழமை வான்கூவருக்குத் திரும்புகிறாள். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். கூரியரில் போடாதே, வாசலில் வைத்துவிட்டும் போகாதே, அவனை நேரில் பார்த்துக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வந்து மணி அடித்தால் கதவைத் திற.