வீடு காலி செய்ய உதவிய கைகளுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

கொஞ்ச காலத்துக்கென்று குடிவந்த வீடு. சாவியை ஒப்படைத்தாயிற்று. ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை, சுவரில் ஓர் ஆணி ஓட்டைகூட மிச்சமில்லை. அத்தனையும் உங்கள் கைவேலை. யார் என்ன செய்தீர்கள் என்று சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டும். அடுத்து வீடு மாறப்போகிறவர்களுக்கும் அது உதவும்.

பாத்திரம் கட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. பீங்கான் தட்டுகளைப் படுக்கவைக்காமல், ஒவ்வொன்றுக்கும் காகிதம் சுற்றி, அலமாரியில் புத்தகம் வைப்பதுபோல நிறுத்தி அடுக்கினீர்கள். படுக்கவைத்தால் வண்டி குலுங்கும்போது மேல்தட்டுகளின் கனம் முழுக்க அடித்தட்டின் நடுவில் இறங்கும். ஒட்டிய பெட்டியை ஆட்டிப் பார்த்து, உள்ளே லேசாகச் சத்தம் கேட்டதும் பிரித்து, இடுக்கில் பழந்துணி திணித்து மறுபடி ஒட்டினீர்களே, அந்தப் பொறுமைதான் டம்ளர்களைக் காப்பாற்றியது. புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் மட்டும் போடச் சொன்னதும் நீங்கள்தான். பெரிய பெட்டி என்றால் தூக்கும்போதே அடி பிய்ந்துவிடும்.

ஃபிரிட்ஜைத் தூக்கிய தம்பிகளே, முந்தின நாளே அதை அணைத்து, உருகிய தண்ணீரைத் துடைத்து, கதவைத் திறந்து வைக்கச் சொன்னீர்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வாடை ஏறிவிடும், பிறகு லேசில் போகாது. வண்டியில் இடம் பற்றாதபோதும் அதைச் சாய்க்க விடவில்லை. சாய்த்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறும். அது இறங்குவதற்குள் சுவிட்ச் போட்டால் கம்ப்ரசர் கெட்டுப்போகலாம். முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கு, டிரம் ஆடாமல் பிடிக்கும் போல்ட்டுகளைத் தேடியெடுத்துப் பின்னால் முடுக்கினீர்கள். புது வீட்டில் அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று மெஷின் மேலேயே சீட்டு ஒட்டியதற்குத் தனி நன்றி.

கட்டிலைக் கழற்றிய ஆசாரி அண்ணன் திருகாணிகளைப் பையிலிட்டு அந்தந்தச் சட்டத்திலேயே கட்டிவிட்டார். மாட்டும்போது ஒன்றும் தேட வேண்டியிருக்காது.

சுவர் வேலை செய்த பெயிண்டர் அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஆழமான ஓட்டையில், அதை அடைக்கும் பட்டி மாவை ஒரேயடியாக அப்பினால் காயும்போது சுருங்கி நடுவில் குழி விழும். நீங்கள் தூசியை ஊதி, லேசாக ஈரம் காட்டி, முதல் பூச்சைச் சுவர் மட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே நிறுத்தினீர்கள். அது நன்றாகக் காய்ந்தபின்தான் இரண்டாவது பூச்சு, அதன்பின் உப்புத்தாள். விரலால் தடவினால் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியுமே! பழைய சுவர் வெளுத்திருக்கும், அதே டப்பா பெயிண்டை வைத்தாலும் பொட்டு வைத்ததுபோல நிற்கும். அதனால்தான் படம் மாட்டியிருந்த சுவரை மட்டும் மூலைக்கு மூலை முழுதாக அடித்துவிடலாம் என்றீர்கள். பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் திட்டு இல்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு: சாமான் போனபிறகு ஒவ்வோர் அறையாகக் கூடவே வந்தீர்கள். கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களைச் சேர்ந்து நின்று படமெடுத்துக்கொண்டோம்; பின்னால் பேச்சுக்கே இடமில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கி, திரைக்கம்பி, குளியலறை மேல்தட்டு, இந்த மூன்றையும் பார்க்கச் சொன்னது நீங்கள். மூன்றிலும் எங்கள் சாமான் இருந்தது.

மீந்த பட்டியும் பெயிண்டும் பரணில் வலது மூலையில் இருக்கின்றன. மூடியை இறுக்கி, எந்த அறையின் நிறம் என்று டப்பாமேல் எழுதியிருக்கிறோம். அடுத்துக் குடிவருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள், அம்மா.

அன்புடன்,
மாடி வீட்டில் இருந்தவர்கள்