ஓங்கோல் சபையின் முதல் எட்டுப் பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆந்திராவில் உள்ள ஓங்கோல் நகரின் பாப்டிஸ்ட் திருச்சபை என்றதும் எல்லோரும் 1878 ஜூலை 3ஆம் தேதியையே சொல்கிறார்கள். குண்டலகம்மா ஆற்றில் அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

1867 ஜனவரி 1 அன்று எட்டு உறுப்பினர்களுடன் தொடங்கிய சபை அது. அமெரிக்க மிஷனரி ஜான் கிளஃப் தலைமை தாங்கினார், உண்மை. ஆனால் கிராமங்களில் அது வேர்பிடித்தது, தோல் பதனிடும் மாதிகா சமூகத்தைச் சேர்ந்த எர்ரகுண்ட்ல பேரய்யா போன்றவர்களின் உழைப்பால்.

1876–78 பெரும் பஞ்சத்தின்போது, பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியைக் கிளஃப் ஒப்பந்தம் எடுத்துப் பட்டினியில் வாடியோருக்கு வேலை கொடுத்தார். சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று அந்த மக்களை எளிதாக ஏசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிவாரணப் பணி நடந்த காலத்தில் அவர் ஞானஸ்நானம் கொடுப்பதையே நிறுத்தி வைத்திருந்தார். கேட்டு வந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

மிஷனரிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். பேரய்யாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் விரிவான கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்