சனிக்கிழமை வீ.ஆர். பயிற்சி: உதவிக்கு ஆட்கள் தேவை

வணக்கம். சனி காலை 9.30க்கு வெள்ளவத்தை முதியோர் இல்லத்தில் மறுபடியும் வீ.ஆர். (கண்ணாடி போல மாட்டும் கருவியில் தெரியும் மெய்நிகர் காட்சி) உடற்பயிற்சி. போன வாரம், தோள் நோகுது என்று கையே தூக்காத ஒரு அம்மம்மா, வீ.ஆர். கண்ணாடியை மாட்டியதும் அதில் தெரிந்த மாங்காயைப் பறிக்க இரண்டு கையையும் எட்டி நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வயதோடு தசையும் வலுவும் குறைவதுதான் சார்கோபீனியா; அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. கைகளை மார்பில் கட்டியபடி கதிரையிலிருந்து 5 தடவை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் எடுத்தால் வலு குறைந்திருக்கலாம். முதலில் அதைக் குறித்துக்கொள்வோம். கண்ணாடி ஆர்வத்தைத் தரும். ஆனால் தசைக்கு இழுவைப் பட்டி (இழுத்துச் செய்யும் ரப்பர் பட்டி) பயிற்சியும் புரதச் சாப்பாடும் கட்டாயம் வேண்டும். அவித்த கடலை நான் கொண்டுவருகிறேன்.

வீ.ஆர். பயிற்சியை எல்லோரும் கதிரையில் இருந்தபடியேதான் செய்வார்கள். தலைச்சுற்று என்றால் உடனே கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் நிற்க வேண்டும், இன்னும் 4 பேர் தேவை. வரக்கூடியவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.